கதவு பூட்டியிருந்தது

மதுரைக் கிளையில் புறப்பட்ட காகிதம்
மாவட்ட நீதிமன்றம் ஏறி இறங்கி
திருவாடானை வந்து
என் ரெக்சின் பைக்குள் விழுந்தபோது
அதற்கு வயது பத்தொன்பது நாள்.
நான் அமீனா.
தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லி
மாற்றியே விட்டார்கள். ஆறு வருஷமாச்சு.

ஓடைமுனைக்குப் போகும் வழியில்
உப்பங்கழி தாண்டியதும் வலப்பக்கம் இறால் பண்ணை.
துடுப்புச் சக்கரங்கள் இரவும் பகலும்
பச்சைத் தண்ணீரை அறைந்துகொண்டிருக்கும்.
இடப்பக்கம் ஊர்க்கிணறு.
நடுவே தார்ச்சாலை.
மண்ணுக்குக் கீழே சாலை கிடையாது.

மனுதாரர் சவேரியம்மாள், நண்டு வலைக்காரி.
காபி தந்தார். கரித்தது.
"சீனி கூடத்தான் போட்டிருக்கேன் சார்."
மன்னிப்புக் கேட்கிற குரலா
சாட்சி சொல்கிற குரலா, பிடிபடவில்லை.

கொண்டுபோகும் காகிதத்தை நான் படிப்பதில்லை.
அன்றைக்கு டயர் பஞ்சர்.
கமாலுதீன் ஒட்டி முடிக்கும்வரை
இடைக்கால உத்தரவு, பதினெட்டுப் பக்கமும் படித்தேன்.

உயிர் என்று ஒரு சொல் இருக்கிறதாம் சட்டத்தில்,
இருபத்தொன்றாம் உறுப்பில்.
எத்தனை முறை புரட்டினாலும்
அங்கே தண்ணீர் என்ற சொல் இல்லை.
யாரோ சில நீதிபதிகள்
எந்தெந்த ஊர் வழக்கிலோ
அந்த ஒற்றைச் சொல்லைத் தோண்டியிருக்கிறார்கள்,
கோடையில் இந்தக் கரைப் பெண்கள்
மணலில் முழங்கை ஆழம் பறித்துச்
சிரட்டையோடு குந்தியிருப்பார்களே, அப்படி.
முதலில் ஈரம்.
அப்புறம் கலங்கல்.
பொறுத்திருந்தால் ஒரு வாய் நல்ல தண்ணீர்.
பிழைப்பு ஊறியிருக்கிறது, மூச்சுக்காற்று ஊறியிருக்கிறது,
மானமும்கூட.
ஊறியதற்கெல்லாம் பத்தி எண் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஊற்று தூர்ந்தும் போகும்.
தூர்க்க நீதிபதி வேண்டாம்.
நான் போதும்.

"கதவு பூட்டியிருந்தது. ஆள் இல்லை."
நாலு சொல். இருநூறு ரூபாய்.
சொல்லுக்கு ஐம்பது.
பதினோரு முறை எழுதியிருக்கிறேன்,
உள்ளே டிவியில் யாரோ சிரிப்பது
காதில் விழ விழ.

ஐந்தாம் எதிர்மனுதாரர், ஊராட்சித் தலைவர்.
பண்ணை மச்சினன் பேரில்.
வாசலில் செருப்பு கிடந்தது.
மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
தலைவர் வரவில்லை. ஒரு பையன் கையில்
உறை மட்டும் வந்தது. இந்த முறை ஐந்நூறு.
வாங்கவில்லை.
நல்லவனாகிவிட்டேன் என்றெல்லாம் இல்லை.
நாக்கில் அந்தக் காபி இன்னும் இருந்தது.

கதவில் ஒட்ட இரண்டு சாட்சி வேண்டும்.
ஊரில் எல்லாருக்கும் அந்நேரம்
கையெழுத்து மறந்துபோயிற்று.
கமாலுதீன் கேட்காமலே போட்டார்,
கிரீஸ் விரலால், உத்தரவின் ஓரம் கறுக்க.
இரண்டாவது ஆள் வில்லாயுதம்,
பண்ணையில் இறாலுக்குத் தீனி வீசுகிறவன்.
பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டான்:
"நாளைத் தேதி போட்டுக்கிடலாமா சார்?
இன்னைக்குச் சாயங்காலந்தான் சம்பளம்."

தேதியை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை.
நாளையைக் காத்திருக்க யாரும் தடை போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை,
மைதாப் பசை, தலைவரின் தேக்குக் கதவு.
"உள்ளே இருந்தார். வாங்க மறுத்தார்.
ஒட்டிச் சார்வு செய்யப்பட்டது."
வில்லாயுதம் நின்று நிதானமாக
தகப்பன் பேரும் சேர்த்து எழுதினான்.
நாங்கள் படியிறங்குமுன்பே
கடற்காற்றில் ஒரு மூலை எழும்பிவிட்டது.
திரும்பிப் போய் உள்ளங்கையால் அழுத்தினேன்.
சாலைக்கு அந்தப் பக்கம்
சக்கரங்கள் அறைந்துகொண்டுதான் இருந்தன.

அறிக்கைப் படிவத்தில்
தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம்,
அரை விரல் அகலம்.
"சம்பளம்" என்று எழுதினேன்.
அவன் பேரைத் தேடி யாராவது வரக்கூடும்.
அடித்துவிட்டு
"டயர் பஞ்சர்" என்று எழுதினேன்.