ஒன்றேகால்

சாவி துவாரத்தைத் தேடும் சத்தத்திலேயே
எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று
சொல்லிவிடுவேன்.
ஒரே குத்தில் நுழைந்தால் குவார்ட்டர்.
சுரண்டிச் சுரண்டி நுழைந்தால் ஆஃப்.
சாவி கீழே விழுந்து
அந்தச் சாவிக்கே வசவு கிடைத்தால்
கண்ணாடி டம்ளர்களை அரிசி டிரம்முக்குள் புதைக்க
எனக்குப் பதினோரு விநாடி.

தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை.
அப்பாவின் பெயர் பால்வண்ணன்.
குடிக்காத நாளில்
வாழைக்காயை நூல்நூலாகச் சீவிப் பொரிப்பார்.
குடிக்காத நாட்கள்தான் கொடியவை,
எந்த நிமிஷத்தில் முடியும் என்று தெரியாது.

வகுப்பில் டீச்சர் கேட்டாள்,
"உனக்குக் காது மந்தமா?"
மந்தமில்லை டீச்சர், பாம்புச்செவி.
அது இங்கே இல்லை.
சந்துமுனையில் நின்று
ஒரு ஜோடி செருப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சயான் சுடுகாட்டில் அவரை எரித்து
ஆறு வருஷமாகிறது.
சாவியை அவர் கொண்டுபோகவில்லை,
என் கைப்பையில் கிடக்கிறது.
ஆனாலும் தினமும் இரவு ஒன்றேகாலுக்கு
என் காது மட்டும் எழுந்து உட்காரும்.

காட்கோபரில் ஐந்தாம் மாடி,
என்னோடு ரூபினா, ஷீதல், கோதை.
முதல் மூன்று மாதம்
என் பெட்டியிலிருந்து துணிகளை
அலமாரிக்கு மாற்றவே இல்லை.
ஒருநாள் ரூபினா கையிலிருந்து தட்டு விழுந்து உடைந்தது.
மன்னிப்புக் கேட்டது நான்.
அவள் என்னையே பார்த்தாள்.
எதுவும் கேட்காமல்
துடைப்பத்தை எடுத்தாள்.

ரயில் ஓடாத ஒரு மழை இரவில்
சாவி, டம்ளர், பதினோரு விநாடி
எல்லாம் சொன்னேன்.
இந்தியில் சொன்னதால் கொஞ்சம் எளிதாக இருந்தது,
அப்பா இந்தியில் திட்டியதில்லை.
ரூபினா மட்டும் மெதுவாக,
"எங்க வீட்ல சாக்லேட்டே வாங்க மாட்டோம்" என்றாள்.
அந்த வெள்ளித்தாளுக்காக.
அவள் அண்ணனுக்குப் பவுடர்.
அப்புறம் யாரும் பேசவில்லை.
கோதை ஒரு தடவை எழுந்துபோய்
எல்லோருக்கும் மேகி போட்டாள்,
உப்பு ஜாஸ்தி.

போன ஞாயிறு
நாசிக்கில் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.
நான் தனியே,
உள்தாழ்ப்பாளும் போட்டுத் தூங்கிவிட்டேன்.

மணி அடித்திருக்கிறார்கள்.
கதவைத் தட்டியிருக்கிறார்கள்.
போனில் பதினெட்டு மிஸ்டு கால்.
எதிர்வீட்டு பாபி எழுந்துவிட்டாள்,
வாட்ச்மேன் திவாரி கம்போடு மேலே வந்துவிட்டார்.
ஷீதல் தன் சாவியைத் துவாரத்தில் விட்டு
அரைமணி நேரம் திருகியிருக்கிறாள்.
சாவி,
துவாரத்தில்,
அரைமணி நேரம்!

தண்ணீர் குடிக்க எழுந்தவள்தான் திறந்தேன்.
மூவரும் படிக்கட்டில் உட்கார்ந்து
கல்யாண லட்டு தின்றுகொண்டிருந்தார்கள்,
திவாரிக்கும் ஒன்று.
"செத்துட்டியோன்னு நெனச்சோம்டீ!"
கோதை கத்தினாள்.
ஷீதல் மராத்தியில் கத்தினாள்.
ரூபினா ஓடிவந்து என் தோளில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு
அந்தத் தோளையே பிடித்துக்கொண்டாள்.

ராத்திரி ஒன்றேகால்.
வாசலில் ஆட்கள், சத்தம்.
நான்
வாயைக்கூட மூடாமல்
நீளமாக ஒரு கொட்டாவி விட்டேன்.