இன்று வெள்ளை

டுலூத்தில் மார்ச்.
ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது.
குளியல் தொட்டியில் சோடா உப்பு கரைத்துப்
பன்னிரண்டு பருத்திச் சட்டைகளை ஊறப்போட்டேன்.
தோராவின் நீச்சல் அணிக்கு.
மாதத்தில் இரண்டு சனிக்கிழமை என்னிடம் வருபவள்
பனிக்காலணியைக் கழற்றாமலே அறிவித்தாள்:
"அப்பா செஞ்சு தருவார்னு சொல்லிட்டேன்."

நடுவில் கிள்ளிப் பிடித்துத் திருக வேண்டும்.
நத்தை ஓடு போலச் சுருண்டதும்
குறுக்கே மூன்று ரப்பர் வளையம்.
ஒரு கூறுக்கு ஊதா, ஒன்றுக்கு மஞ்சள்,
மிச்சத்துக்கு, தோரா தூங்கிய பிறகு,
எது கைக்கு வந்ததோ அது.
கையுறை கிழிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.
திங்களன்று பள்ளிப் பேருந்தின் ஸ்டியரிங்கில்
என் நீல விரல்களைப் பார்த்து
முன்வரிசைப் பையன் ஒருவன்
இறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை.

டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் இருந்தது:
நூலைச் சேரவேண்டிய சாயத்தில் கொஞ்சம்
போகிற வழியில் தண்ணீரோடு சேர்ந்துவிடுமாம்.
அப்புறம் அது எந்த நூலுக்கும் ஆகாது.
ஒட்டுமில்லை, உறவுமில்லை,
நிறம் மட்டும் உண்டு.
அதை அலசி அனுப்பிவிட வேண்டும்,
குளிர்ந்த நீரில், தெளியும் வரை.

தெளியும் வரை நான் அலசவில்லை.
ஞாயிறு ஐந்து மணிக்கு அவள் அம்மாவின் கார் வரும்.
நாலே காலுக்கு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு
அடித்தளத்துப் பொது எந்திரத்தில் திணித்தேன்.
ஏழு நாணயம்.
எடுக்கும்போது எண்ணவில்லை.
பதினொன்றுதான் எடுத்திருக்கிறேன்.

பன்னிரண்டாவது
உருளையின் சுவரில் ஈரத்தோடு ஒட்டிக் காத்திருந்தது
இரண்டாம் மாடி இர்மா கோஸ்கிக்காக.
மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலை அவளுக்கு.
மூன்று வெள்ளைக் கோட்டு. வெந்நீர்ச் சுற்று.

சாயம் வெளுத்துவிட்டது என்று
ஆட்களைப் பற்றிச் சொல்வதுண்டு.
இங்கே வெளுக்காததுதான் சிக்கல்.
அவள் என்னை வெளுத்து வாங்கியிருக்கலாம்.
கதவில் சட்டையை மாட்டி
ஒரு சீட்டைக் குத்தியிருந்தாள்:
"இது உங்களுடையது. அழகாக இருக்கிறது.
என் கோட்டுகள் அழகாக இல்லை."

கோட்டுகளை வாங்கி வந்து
என் செலவில் மூன்று முறை துவைத்தேன்.
முதல் தண்ணீர் கத்தரிப்பூ நிறம்.
இரண்டாவது, கத்தரிப்பூவை யாரோ நினைத்துக்கொண்ட நிறம்.
மூன்றாவதில் இரண்டு கோட்டு பிழைத்தன.
ஒன்றை அவள் உலர்த்தியில் ஏற்கெனவே சுட்டிருந்தாள்;
காலரில் ஒரு விரற்கடை ஊதா, நகரவில்லை.
புதிது முப்பத்தெட்டு டாலர்.
உறையில் போட்டுக் கதவடியில் தள்ளினேன்.
எட்டு டாலர் திரும்பி வந்தது,
"பழசுதான்" என்ற குறிப்போடு.

அன்றிலிருந்து எதைத் துவைத்தாலும்
கடைசியில் காலி எந்திரத்தை ஒருமுறை ஓட்டுகிறேன்
உள்ளே பழைய துண்டு ஒன்றை மட்டும் போட்டு.
வெளுத்ததெல்லாம் பால் என்று
இனி நம்புவதாக இல்லை.
துண்டைக் குழல்விளக்கின் கீழ் பிடித்து
இருபுறமும் பார்க்கிறேன்,
பிறகு மூடியில் ஒட்டுகிறேன்: இன்று வெள்ளை.
நான்காவது வாரம் அதன் கீழே
வேறு கையெழுத்து:
"சாம்பல் சாக்ஸுக்குமா?"

ஏப்ரலில் போட்டி.
பன்னிரண்டு சுழிகள் குளத்தோரம் அலைந்தன.
எல்லாச் சட்டையிலும் தையல் மட்டும் வெள்ளையாக நின்றது.
பாலியஸ்டர் நூல். எந்தச் சாயத்துக்கும் இளகாது,
தோளையும் கையையும்
சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான் என்றாலும்.

தோரா நான்காவதாக வந்தாள்.
ஈர உடம்பின் மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு
என் முன் நின்று ஏதோ சொன்னாள்,
திருப்பத்தில் கால் வழுக்கியது பற்றி.
கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.
ஆனாலும் கண் கீழே போனது:
அவள் காலடியில் சொட்டிச் சேர்ந்த நீர்,
வெள்ளை ஓட்டின் மேல்,
ஓடு தெரிய.