காற்றடித்த மூன்றாம் நாள்

மலையிலிருந்து இறங்கிய காற்று
என் வயலில் அரைமணி நேரம்தான் நின்றது.
நானூற்றுப் பதினெட்டு ஏத்தன்.
முட்டுக் கொடுத்த கம்பும் சேர்ந்து
கிழக்கே பார்த்துப் படுத்துவிட்டன.

கிராம நிர்வாக அலுவலர் இன்னும் வரவில்லை.
காப்பீட்டு அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.
மூன்றாம் நாள் காலை
ஓடையில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது
அவன் கூப்பிட்டான்.

என் பெயர் தெரிந்திருந்தது. தகப்பனார் பெயர்,
சர்வே எண், உட்பிரிவு எண்கூட.
'நேந்திரன் எல்லாம் போச்சாமே சார்' என்றான்.
ஏத்தனை நேந்திரன் என்கிறவன்
களக்காட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியும்?
அப்போது அது உறைக்கவில்லை. ஏனென்றால்
அடுத்து அவன் கேட்டது,
'சாப்பிட்டீங்களா?'
மூன்று நாளில் அதைக் கேட்ட ஒரே ஆள்.

ஒரு ஃபைல் அனுப்பினான். கோபுர முத்திரை போட்டிருந்தது.
திறக்கச் சொன்னான், திறந்தேன்.
அனுமதி கொடு என்று போன் கேட்டது, கொடுத்தேன்.
மடைப்பலகையை உருவிக் கையில் கொடுத்துவிட்டு
தண்ணீர் எங்கே போகிறதென்று
பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

எண்பத்தாறாயிரத்து நானூறு.
என் பணம்கூட இல்லை. கமிஷன் கடையில்
ஏர்வாடி மைதீன் பிச்சையின் லாரிக்கு வைத்திருந்த வாடகை.
இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.
திருடன் ஓடிய பாதையில்
என் வெட்கம் காவல் நின்றது,
யாரும் துரத்திவிடாதபடி.

கடைக்கணக்கு எழுதும் முப்பிடாதிதான்
பேரேட்டில் ஓட்டையைப் பார்த்தாள்.
திட்டவில்லை. போனைப் பிடுங்கி
நெட்டை அணைத்தாள்.
'ஒண்ணு ஒம்பது மூணு சைபர். அடிங்க.'
எங்கள் பம்புசெட்டுக் கிணற்றுக் கல்லில்
வெட்டியிருக்கிற வருஷம் அது.
இத்தனை காலம் அதைப் பார்த்தபடிதான் பல் தேய்த்திருக்கிறேன்.
'முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள சொல்லியிருந்தா...'
மீதியை அந்தக் குரல் சொல்லவில்லை.
பன்னிரண்டாயிரத்தை
எங்கோ பேர் தெரியாத வங்கியில்
அசையவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்.
வரும் என்கிறார்கள்.

அதற்கப்புறம் கடையில் முப்பிடாதி ராஜ்ஜியம்.
வங்கி எண்ணுக்குத் தனியாய் ஒரு பட்டன் போன்,
அதில் எந்த ஃபைலும் திறக்காது.
'வாழை ஒன்று இரண்டு மூன்று' என்ற என் கடவுச்சொல்லை
வாய்விட்டுப் படித்துச் சிரித்தாள்.
புதியதை நான் தட்டும்போது
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
வாராவாரம் கணக்கு நகலாகி
வீட்டு அரிசி டிரம்முக்குள் போகிறது.
கல்லாவில் ஒட்டிய கியூஆர் தாளை
தினமும் நகத்தால் கீறிப் பார்க்கிறாள்,
மேலே இன்னொன்று ஏறியிருக்கிறதா என்று.
மைதீன் பிச்சையே வாட்ஸ்அப்பில்
'அக்கவுண்ட் மாறிட்டு' என்றாலும்
பழைய எண்ணுக்குப் போட்டு
அவர் இருமலைக் கேட்ட பிறகுதான் பணம்.

நேற்று மறுபடி ஒரு அழைப்பு. பெண்குரல்.
'ஏத்தன் எல்லாம் சாஞ்சிட்டாமே அண்ணாச்சி,
ஆதார் நகல் எடுத்து வைங்க.'
ஏத்தன் என்றே சொன்னாள். நம்மூர் இழுப்பு.
இருக்கட்டும், இதற்குள் அவர்களும் படித்திருப்பார்கள்.
வைத்துவிட்டேன்.

வேளாண்மை அலுவலகச் சுவரிலிருந்து
எழுதி வந்த எண்ணைத் தேடி
நானே கூப்பிட்டேன்.
'இப்பப் பேசினது நீங்கதானா?'
'நாந்தான். ஏன் வச்சிட்டிய?'

சாப்பிட்டீங்களா என்று அவள் கேட்கவில்லை.
நாளைப் பத்து மணிக்கு வயலுக்கு வருகிறாளாம்.
விழுந்ததை வெட்டிவிட வேண்டாம்,
ஒவ்வொன்றாய் எண்ணணும் என்றாள்.