ஆச்சா

ஆச்சா, ஆயித்தா, அயிந்தா.
ஓசூரில் பிறந்த காதுக்கு
மூன்று மொழியும் ஒரே கேள்வி.

மதியம் ஒன்று ஐம்பது.
இடப்பக்க எஞ்சினில் எண்ணெய் வடிகட்டியின் மூடி.
பழைய ரப்பர் வளையத்தைக் கழற்றியாயிற்று.
புதியது உறை பிரிக்காமல் என் சட்டைப் பையில்.
தூசு விழக்கூடாதென்று மூடியைச் சும்மா வைத்து
நான்கு திருகையும் விரலால் சுழற்றிவிட்டு
இறங்கினேன், துணி எடுக்க.

அதற்குள் ஸ்டோரில் கூப்பிட்டார்கள்.
ஒரு டார்ச் கணக்கில் குறைகிறதாம்.
விமானத்துக்குள் எதுவும் மறந்து கிடக்கக் கூடாது
என்பது விதி.
இருபது நிமிடம் எல்லோரும் தேடினோம்.
சார்ஜரில் கிடந்தது. சிரித்தோம்.

வாசலில் திம்மராஜ், அடுத்த ஷிப்ட்,
கையில் டிபன் பாக்ஸ்.
'ஆச்சா?' என்றான்.
'ம்' என்றேன்.

அவன் மூடியைக் கேட்டான்.
நான் சாப்பாட்டைச் சொன்னேன்.

வேலை அட்டையில் எழுத வேண்டிய ஒரு வரியை
மனதில் எழுதிவைத்திருந்தேன்.
மனதை யார் வாசிப்பார்?
அவன் ஏணியேறி
டார்க் ரெஞ்சால் நான்கு திருகையும்
புத்தகம் சொன்ன அளவுக்கு முறுக்கினான்.
ஒரு புள்ளி கூடவில்லை, குறையவில்லை.
இல்லாத வளையத்தின் மேல்
அவ்வளவு சுத்தமான வேலை.

ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டிய எஞ்சினை
ஒரு நிமிடம் ஓட்டினார்கள்.
பயணிகள் வந்துவிட்டார்கள், வெயில் வேறு.
கசிவில்லை என்ற கட்டத்தில்
இன்ஸ்பெக்டர் நஞ்சுண்டப்பா
தூரத்தில் நின்றே கையெழுத்துப் போட்டார்.
இதே கட்டத்தில் பதினொரு வருடமாகப் போட்டவர்.
பதினொரு வருடமும் கசிந்ததில்லை.

மத்திகிரி நிறுத்தத்தில் டவுன் பஸ்.
பூஜ்யம் ரூபாய் என்று அச்சடித்த மகளிர் டிக்கெட்டைப்
பைக்குள் திணித்தபோது
விரலில் பட்டது உறை.

பஸ்ஸை நிறுத்தச் சொன்னது என் குரல்தானா
தெரியவில்லை.
போன் செய்தேன். ஹேங்கருக்குள்
போன் எல்லாம் லாக்கரில் இருக்கும்.
அதுவும் விதி.
அடித்துக்கொண்டே இருந்தது,
பூட்டிய இரும்புப் பெட்டியில்
திம்மராஜின் வீட்டு நாய் குரைக்கும் ரிங்டோன்.
முட்டைக்கோஸ் வயலுக்கு மேலே
வெள்ளையாய் ஒன்று ஏறிக் கிழக்கே திரும்பியது.

கிருஷ்ணகிரி அணைக்கு மேலே முள் இறங்கியதாம்.
ரோஜா ஏற்றுமதிக்காரர் ஜன்னலில் சாய்ந்து
அணையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.
அந்த வீடியோவில்
தண்ணீர், மாந்தோப்பு, நெடுஞ்சாலை லாரிகள்.
பிறகு இறக்கை முழுக்க
யாரோ நெய் ஊற்றியதுபோல் ஒரு மினுக்கம்.
'அழகா இருக்கே' என்கிறது அவர் குரல்.

விமானி இடது எஞ்சினை அணைத்தார்.
மீதி ஒன்றை வைத்துக்கொண்டு
சூளகிரிப் பாறைகளுக்கு மேலே
அவசரப்படாமல், ஆனால் தாழ்ந்து தாழ்ந்து
திரும்பி வந்தார்.
நான் வாயிற்கதவில் மூச்சிரைக்க நின்றபோது
சக்கரம் தரையைத் தொட்டது.
ஐந்து பேரும் நடந்து இறங்கினார்கள்.
ஒருவர் கழிப்பறை எங்கே என்று என்னிடம் கேட்டார்.

விசாரணையில் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது.
வளையத்துக்கு ஒரு எண், முறுக்குக்கு ஓர் அளவு,
உறையோடு ஒட்டியிருந்த டிக்கெட்டில்
நேரம்கூட: 14.47.
'கேட்டேன், ம் என்றாள்' என்றான் திம்மராஜ்.
எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவை நிறுத்தினார்.
டில்லிக்காரர்.
'ம் என்றால் ஆமாமா?'

திம்மராஜ் என்னைப் பார்த்தான்.
நான் அவனை.
ஆமாம்தான்.
கேட்கிறேன், சொல்லு என்பதும்தான்.
பேச்சை முடி, பசிக்கிறது என்பதும்.

மூன்று மாதம் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
திரும்பிப் போனபோது
வாசலில் சிவப்பில் புது அறிவிப்பு:
கைமாற்றம் எழுத்தில் மட்டும்.
அதன் கீழேயே நின்று யாரோ யாரையோ
'ஆயித்தா?' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நேற்று இரவு அடுப்படிக்கு வெளியே இருந்து
வீட்டுக்காரர், 'ஆச்சா?'

சோறு வடித்துவிட்டேன்.
குழம்பு கொதிக்கிறது, புளி இன்னும் விடவில்லை.
அப்பளம் பொரிக்கவில்லை.
கேஸ் எரிகிறது, எரிகிறது என்பதை
நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

'ஒரு ம் போதுமே, நாகவேணி' என்றார்.