கழிவு

கந்தப்பளையில் முதல் பஸ் ஏறும்போது
லொறியில் லீக்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.
முன்பெல்லாம் அந்த வாசத்துக்கே வாய் ஊறும்.
இப்போது வாய்க்குள் கிடப்பது
பழைய ஐந்து ரூபாய்க் குற்றியை நக்கிய ருசி.

நுவரெலியா ஆஸ்பத்திரி. செவ்வாய், வெள்ளி.
செருப்பைக் கழற்றித் தராசில் ஏறுகிறேன்.
ஐம்பத்தொன்று தசம் நான்கு.
"தண்ணி ரெண்டு தசம் நாலு. கூடக் குடிச்சிருக்கு"
எழுதிக்கொள்கிறார் நிரோஷா மிஸ்ஸி.

தராசுக்கு நான் பழையவன்.
முப்பத்தொரு வருஷம் கொழுந்து நிறுத்தவன்.
மழை நாளில் தண்ணீருக்கு ரெண்டு,
சாக்குக்கு ஒன்று,
முற்றல் இலைக்கு என் மனம் போனபடி.
பதினெட்டு கிலோ சுமந்து வந்தவள்
பதினாலோடு லயத்துக்குத் திரும்புவாள்.
துரை சொன்னதற்கு மேலும் ஒரு கிலோ
நானாகக் கழித்ததுண்டு.
இதுவரை யாரும் கேட்கவில்லை,
அதனால்தான் சொல்கிறேன்.

பக்கத்துக் கதிரையில் பவளக்கொடி.
நாலாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்தவள்.
முதல் நாளே என்னைக் கண்டுகொண்டு
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"கணக்கப்பிள்ளைக்கு இன்னைக்கு எவ்வளவு கழிவு?"
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
பிறகு இருவருக்கும் ஊசி ஏற்றினார்கள்.

சிறுநீரகம் போன தேதி கொப்பியில் இருக்கிறது.
பசி போன தேதி எங்கேயும் இல்லை.

தெய்வானை உருளைக்கிழங்கை
இரண்டு தண்ணீரில் அவித்துக் கொட்டுகிறாள்,
உப்பில்லாமல், தேங்காய்ப்பூ இல்லாமல்
ரொட்டி தட்டுகிறாள்.
இரண்டு வாய்க்குள்
கலியாண வீட்டில் தின்று எழுந்தவன் போல
நெஞ்சு வரை நிறைந்துவிடுகிறது எனக்கு.
தட்டை எடுக்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.
தனக்கென்று கட்டைச்சம்பல் இடித்தால்
கதவைச் சாத்திக்கொண்டு தின்கிறாள்,
எனக்கு ஆசை வந்துவிடுமாம்.
வந்தால் ஊருக்கே சொல்லியிருப்பேன்.

தொண்டைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்
டொக்டர் ஹிஷாம்.
இரைப்பைச் சுவர் நைந்திருக்கிறது,
ஒரு கிருமி வாடகை தராமல்
வருஷக்கணக்காய்க் குடியிருக்கிறது.
"பசி என்கிறது வயிறு மூளைக்கு அனுப்புற ஒரு சுரப்பு.
கிரெலின்னு பேர். உங்களுக்கு அது குறைச்சல்.
போதும்னு சொல்ல இன்னொண்ணு, லெப்டின்.
அதைச் சிறுநீரகம் வெளியேத்தணும்.
இப்ப ரத்தத்துலயே நின்னு
போதும் போதும்னு சொல்லிக்கிட்டு இருக்கு."
மெஷின் கழுவாதா என்றேன்.
"இந்த மெஷின் சல்லடைக்கு அது பெரிசு."

எனக்குப் பிரட்டுக்களம் ஞாபகம் வந்தது.
பேர் கூப்பிடுகிறவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது.
வேலை முடிந்தது, வீட்டுக்குப் போங்கள் என்று
கத்துகிறவன் மட்டும்
விடியுமுன்னமே வந்து நிற்கிறான்.

பதினாலு நாள் மாத்திரை.
நாக்கில் இன்னும் கசந்த ஒரு பதினாலு நாள்.

அதற்கடுத்த வெள்ளி.
பவளக்கொடி ஊசி இல்லாத கையால்
அவித்த முட்டை இரண்டை உரித்தாள்.
மஞ்சளை விரலால் தோண்டி ஒதுக்கினாள்,
எங்கள் இருவருக்கும் அது ஆகாது.
ஒரு வெள்ளையை என் பக்கம் நீட்டினாள்.
"தின்னுங்க. சதை கரைஞ்சு
தண்ணி மட்டும் நிக்குது உங்க ஒடம்புல."
வாங்கக் கூச்சமாய் இருந்தது.
எத்தனை மழை நாள், எத்தனை ரெண்டு கிலோ,
மனக்கணக்கில் எனக்கு இன்னும் பிசகுவதில்லை.

அடிவயிற்றில் ஏதோ உருண்டது.
பசியா, குடியெழும்பிய கிருமியின் கடைசிப் பேச்சா,
மெஷின் சத்தமா, தெரியவில்லை.
"கேட்டுச்சு" என்றாள் அவள்,
கண்ணை மூடிக்கொண்டே.

முழுதாய்த் தின்றேன். மெதுவாக.

திரும்பத் தராசு. நாற்பத்தொன்பது தசம் ஒன்று.
அந்தக் கடைசி ஒன்றைக் கழிக்க வேண்டாம்,
அது தண்ணீர் இல்லை, முட்டை என்றேன்.
மிஸ்ஸிக்குத் தமிழ் அரைகுறை.
தலையை ஆட்டி
எழுதிக்கொண்டார்.