ஒட்டியதற்கான சத்தியக் கடதாசி

மூன்றாம் முறையும் கதவு பூட்டு.
உள்ளே மின்விசிறி சுற்றுகிற சத்தம்.
“ஸ்ரெல்லா அக்கா, கோட்டால வந்திருக்கிறன்.”
சத்தம் நின்றது.

வழக்காளி ஸ்காபரோவில்.
அற்றோனித் தத்துவம் மச்சானிடம்.
பதினொரு மாத வாடகை நிலுவை,
கேட்காமல் முருங்கை வெட்டியதற்கும் நட்டம்.

கோதுமைமாப் பசையால்
அழைப்பாணையைக் கதவில் ஒட்டினேன்.
ஒரு படம். பத்து நாற்பது.

சைக்கிளைத் திருப்ப,
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
படலைக்குள் நுழைந்து
பசையை நக்கியது.
பிறகு ஓரம், முத்திரை,
தவணைத் திகதி,
“வெளியேற்றும்படி” என்ற சொல்
பாதிவரை.

யன்னல் விரலளவு திறந்தது.
அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்,
ஒருத்தரும் “சூ” என்று சொல்லவில்லை.

ஒட்டினேன் என்று
சமாதான நீதவான் முன் சத்தியம் செய்தேன்.
மானைப் பற்றிப்
படிவம் கேட்கவில்லை.