அரைப்புள்ளி

தேவகோட்டை கோர்ட்டில் பதினோரு வருடமாக
மற்றவர்கள் சொல்வதைத் தட்டச்சு செய்கிறேன்.
சொல்வது மெய்யா என்று பார்ப்பது என் வேலையில்லை.
எழுத்துப் பிழை மட்டும் என் பொறுப்பு.

மெய்யம்மை, வயது ஒன்பது,
நீதிபதியின் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து
பேச ஆரம்பித்தபோது
என் விரல்கள் அவள் வாய்க்கு முன்னால் ஓடின.

"அவங்க என்னைத் தொடர்ந்து புறக்கணிச்சு
கடுமையான மன உளைச்சலுக்கு ஆளாக்கினாங்க."

தெரிந்த வாக்கியம்.
எதிர்மனு, பத்தி ஏழு.
நூல் கோத்துக் கட்டியவள் நான்தான்.

அவங்கன்னா யாரும்மா?
பெண் கதவைப் பார்த்தாள்.
கதவுக்கு வெளியே தேனம்மை,
ஸ்கேன் சென்டர் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல்
இரவு ஷிப்டிலிருந்து காரைக்குடி பஸ் பிடித்து வந்தவள்,
மடியில் சீப்புச்சீடைப் பொட்டலம்.
போன வாய்தாவிலும் கொண்டுவந்தாள்.
"மருந்து கலந்திருக்கும்" என்று
இதே பிள்ளை அதைத் தள்ளிவிட்டது.
பெற்றவளை ஆத்தா என்று அழைக்கிற வீட்டுப் பிள்ளை.

"ஜனவரி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை,
என்னைப் பூட்டி வச்சிட்டு வேலைக்குப் போயிட்டாங்க."

நீதிபதி எழுந்தார்.
சுவரில் புதுவயல் அரிசி ஆலைக் காலண்டர், நவம்பர்.
பத்துத் தாளைப் புரட்டி மேலே பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றார்.
"ஞாயித்துக்கிழமையால்ல இருக்கு?"

மின்விசிறிச் சத்தம்.
பிள்ளையின் கால் ஆடுவது நின்றது.
"அப்பச்சி செவ்வாய்னுதான் சொன்னாக."

அதை அடிப்பதா வேண்டாமா என்று
பதினோரு வருடத்தில் முதல் தடவையாக
நான் நிமிர்ந்து பார்த்தேன்.
அடி என்றார் கண்ணால்.

சேவுகன் கெட்டவரில்லை.
கோட்டையூரில் டைல்ஸ் கடை,
மகளுக்குத் தலைபின்னக் கற்றுக்கொண்டவர்,
காய்ச்சலில் மூன்று ராத்திரி விழித்திருந்தவர்.
பின்னும்போதுதான் சொல்லியிருப்பார்,
ஒவ்வொரு காலாக,
ஒன்றன்மேல் ஒன்று இறுக்கி.

தீர்ப்பை நிறுத்தக்குறியோடு சொல்வது இந்த ஐயாவின் வழக்கம்.
"தந்தையின் அன்பில் இம்மன்றத்துக்கு ஐயமில்லை அரைப்புள்ளி
எனினும் தாயை வெறுக்கப் பழக்குவது
தாயைவிடக் குழந்தைக்கே இழைக்கும் தீங்கு அரைப்புள்ளி
எனவே முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் முதல்
மைனர் தாயுடன் வசிக்க வேண்டும் அரைப்புள்ளி
முதல் இரண்டு மாதம் தந்தை
மன்ற வளாகத்தில் மட்டும்..."

அவர்கள் கோயில் கணக்கில் தம்பதி ஒரு புள்ளி.
துணையை இழந்து தனியானவர் அரைப்புள்ளி என்று
எங்கள் தலைமை எழுத்தர் சொல்லியிருக்கிறார்.
இரண்டு பேரும் உயிரோடு இருந்து
இரண்டு வக்கீல் வைத்திருந்தால் என்ன புள்ளி என்று கேட்டேன்.
டீயை ஆற்றிக் குடித்தாரே தவிர பதிலில்லை.

ஏப்ரலில் ஒப்படைத்தார்கள்.
நல்ல தீர்ப்பு என்றார்கள் எல்லோரும்.
பிள்ளை வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு
வாந்தி வரும்வரை அழுதது.
சேவுகன் செருப்பை விட்டுவிட்டுக் கார்ப்பக்கம் போனார்.
தேனம்மை தொடவில்லை, சமாதானம் சொல்லவில்லை,
வெயிலில் அப்படியே நின்றாள்
முக்கால் மணி நேரம்.
பிறகு இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள்,
கை கோக்காமல்.
ஸ்கூல் பையின் ஒரு வாரை இவள் பிடித்திருந்தாள்,
இன்னொன்றை அவள்.

அன்றைக்கு ராத்திரி என் வீட்டில் போன் அடித்தது.
திருப்பூரிலிருந்து, மகனின் அப்பா.
நான் ஒருநாளும் அவரைப் பற்றி ஒரு சொல் தவறாகச் சொன்னதில்லை;
சத்தியமாக, ஒரு சொல்.

மகன் போனைப் பார்க்கவில்லை.
முதலில் என் முகத்தைப் பார்த்தான்,
எப்போதும் போல,
எடுக்கலாமா என்று அதில் படிக்க.

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.